கிஃபோர்டின் ஜூவெனல், 1802: பழைய பதிப்பு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மாதங்களுக்கு முன் லண்டனில் ஒரு பழைய நூல் சந்தையில், எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் தடித்த நூல் ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்தபடி என்னிடம் வந்தார். சாம்பல் நிறத் தாள் ஒட்டிய அட்டை, நெடுக வெடித்த முதுகு, வெட்டப்படாமல் ஏறியும் இறங்கியும் நின்ற தாள் ஓரங்கள். "அண்ணை, ஜூவெனல் கிடைச்சிட்டுது. 1802. இதைக் கன்றுத்தோலிலை புதுசாக் கட்டுவிச்சால் வடிவாயிருக்கும், என்ன?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நூலை, இதே நிலையில், இதே ஆசையோடு நான் கையில் வைத்திருந்தேன். அந்த ஆசை எனக்கு என்ன செய்தது என்பதை அன்று அவருக்கு நின்றபடியே சொன்னேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழைய நூல்களுக்கு விவரப்பட்டியல் எழுதுவது என் தொழில். வெயிலில் வைக்கக்கூடாது, செலோடேப் ஒட்டக்கூடாது, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக்கூடாது என்பவற்றை ஒருவர் சொல்லி இன்னொருவர் அறிய வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களும், தெரிந்தவர்கள் என்பதனாலேயே விழும் குழிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் நூலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரோமில் எழுதிய ஜூவெனல் என்ற அங்கதக் கவிஞரின் 16 கவிதைகளையும் வில்லியம் கிஃபோர்டு ஆங்கிலத்தில் ஈரடிச் செய்யுளாக மொழிபெயர்த்தார். தம் வாழ்க்கைக் குறிப்பையும், ரோமானிய அங்கதக் கவிஞர்களைப் பற்றிய ஒரு கட்டுரையையும் முன்னே வைத்து, விரிவான குறிப்புகளோடு 1802இல் லண்டனில் வெளியிட்டார். அச்சிட்டவர் வில்லியம் புல்மர். பாய்டெல் வெளியிட்ட பெரிய ஷேக்ஸ்பியர் பதிப்பை அச்சிட்டுப் புகழ்பெற்ற அந்த அச்சகத்தின் கை இந்த நூலிலும் தெரியும்: அகன்ற ஓரங்கள், வரிகளுக்கிடையே தாராளமான வெளி, தெளிந்த எழுத்துரு. ஒரு முழுத்தாளை இரண்டு முறை மடித்து நான்கு இலைகளாக்கிய குவார்ட்டோ அளவு. நூல் மேசையில் கிடந்தாலே ஒரு கனம் தெரியும். அந்தக் கனந்தான் புதியவர்களை மயக்குகிறது.

பெர்சியஸ் எங்கே என்று தேடுவது

ஜூவெனலையும், இன்னொரு ரோமானிய அங்கதக் கவிஞரான பெர்சியஸையும் ஒரே நூலில் சேர்த்துக் கட்டுவது ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களிடையே பழைய வழக்கம். பார்ட்டன் ஹோலிடேயின் மொழிபெயர்ப்பு அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1673இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தபோது இருவரும் அதில் இருந்தார்கள். ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடனின் பெயரால் வழங்கும், 1693 என்று ஆண்டிட்ட பதிப்பிலும் இருவரும் இருக்கிறார்கள். இவ்விரண்டையும் பார்த்துப் பழகியவர், கிஃபோர்டின் 1802 பதிப்பைத் திறந்ததும் பெர்சியஸைக் காணாமல், பின்பகுதி கிழிந்து போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார். கிஃபோர்டு தம் பெர்சியஸைத் தனி நூலாக 1821இல் வெளியிட்டார். 1802இன் நூலில் ஜூவெனல் மட்டுமே உண்டு. இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது: டிரைடன் பதிப்பில் பெர்சியஸுக்குத் தனித் தலைப்புப் பக்கமும் தனிப் பக்க எண்ணும் இருப்பதால், ஜூவெனல் பகுதியை மட்டும் தனியே கட்டி முழுநூல் போலக் கைமாற்ற முடியும். அங்கே பெர்சியஸ் இல்லையென்றால் நூல் குறைபட்டதுதான்.

பக்க எண்ணை நம்பிப் பாரத்தை எண்ணாமல் விடுவது

பக்க எண்கள் அச்சுக்கோப்பவர் இட்டவை. அவர் மனிதர், தவறுவார். ஓர் எண்ணைத் தாண்டுவார், ஓர் எண்ணை இருமுறை இடுவார். அக்கால நூல்களில் முன்பகுதிக்கு ரோமன் எண்ணும் உள்பகுதிக்கு வழக்கமான எண்ணும் இடுவதுண்டாகையால், உள்பகுதியை மட்டும் எண்ணிவிட்டு 'முழுமையான பிரதி' என்று எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அச்சிட்ட முழுத்தாளை மடித்துத் தைக்கும் கட்டுக்குப் பாரம் என்று பெயர். ஒவ்வொரு பாரத்தின் முதல் இலையிலும் அடியில் சிறிதாக ஓர் எழுத்து அச்சிட்டிருக்கும். பைண்டர் எந்தப் பாரத்துக்குப் பின் எந்தப் பாரம் என்று அறிவதற்காக இட்ட அடையாளம் அது. குவார்ட்டோ நூலில் பெரும்பாலும் ஒரு பாரத்துக்கு நான்கு இலைகள், எட்டுப் பக்கங்கள். அந்த எழுத்துகளைப் பின்பற்றி இலை இலையாக எண்ணினால்தான் நூல் முழுமையா என்று தெரியும். அரை மணி நேர வேலை. ஆனால் வாங்கும் அவசரத்தில் அந்த அரை மணிதான் யாரிடமும் இருப்பதில்லை.

எண்ணத் தொடங்கியவர்களும் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள், நான் விழுந்தது போல. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய குவார்ட்டோவை எண்ணிக்கொண்டே போனேன். 'ஐ' வந்தது, அடுத்து 'கே' வந்தது. நடுவில் 'ஜே' இல்லை. இன்னும் சற்றுத் தள்ளி 'வி'யும் 'டபிள்யூ'வும் இல்லை. மூன்று பாரங்கள் குறைகின்றன என்று ஒரு நீண்ட கடிதம் எழுதி, நூலை அனுப்பியவருக்கே திருப்பிவிட்டேன். அவர் மறுமொழியாக ஒரே வரி எழுதியிருந்தார்: அச்சகத்தாரின் அகரவரிசையில் 23 எழுத்துகள்தாம். லத்தீன் வழக்கத்தையொட்டி ஐ, ஜே இரண்டுக்கும் ஒரே அடையாளம், யூ, வி இரண்டுக்கும் ஒரே அடையாளம். டபிள்யூ கிடையவே கிடையாது. அந்தக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன். நூல் வேறொருவருக்குப் போய்விட்டது.

மூலத்தின் குறையை நூலின் குறை என்று எழுதுவது

ஜூவெனலின் 16ஆவது கவிதை, படைவீரர்களின் சலுகைகளைப் பற்றியது, 60ஆவது அடியோடு பாதியில் நின்றுவிடுகிறது. நமக்குக் கிடைத்த மூலமே அவ்வளவுதான். ஆகவே எந்த மொழிபெயர்ப்பிலும் கடைசிக் கவிதை அரைகுறையாக முடிவது போலவே தோன்றும். இதைப் பார்த்துக் கடைசி இலை இல்லை என்று விலையைக் குறைத்து விற்றவர்களும் உண்டு. அப்படி விற்ற ஒருவரிடம் நான் வாங்கியிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது கவிதையில் இதைவிட நுட்பமான குழி இருக்கிறது. ரோமானியப் பெண்களைச் சாடும் அந்த நெடுங்கவிதைக்குரிய முப்பதுக்கும் மேற்பட்ட அடிகள் 1899ஆம் ஆண்டில்தான் வெளியே தெரிந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலிருந்த ஒரு கையெழுத்துச் சுவடியில் விண்ஸ்டெட் என்ற மாணவர் அவற்றைக் கண்டெடுத்தார். இன்றைய லத்தீன் பதிப்பை ஒரு கையிலும் கிஃபோர்டை ஒரு கையிலும் வைத்து ஒப்பிடும் ஆர்வலர், அந்த அடிகளைக் காணாமல், கிஃபோர்டு ஆபாசம் கருதி வெட்டிவிட்டார் என்று பட்டியலில் எழுதுகிறார். கிஃபோர்டு 1826இல் காலமானவர். 73 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அடிகளை வெட்டும் வல்லமை அவருக்கு இருந்திருக்க முடியாது. மூலத்தின் பச்சையான இடங்களை அவர் பல இடங்களில் மென்மைப்படுத்தியிருக்கிறார் என்பது வேறு விஷயம். அதைச் சொல்ல வேண்டுமானால் எந்தக் கவிதையில் எந்த அடி என்று காட்டிச் சொல்ல வேண்டும்.

புது அட்டை போடுவது

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் நீளமாகத்தான் பேசுவேன்.

1802இல் லண்டனில் நூல் வெளியிட்டவர்கள் அதை நிரந்தர அட்டையோடு விற்கவில்லை. தைத்த பாரங்களைத் தாள் ஒட்டிய சாதாரண அட்டைக்குள் வைத்து, முதுகில் ஒரு சிறு தாள் சீட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தம் பைண்டரிடம் கொடுத்து, தம் நூலகத்துக்கு ஏற்ற தோலில், தம் விருப்பப்படி கட்டிக்கொள்வார். வெளியீட்டாளரே துணியால் மூடிக் கொடுக்கும் வழக்கம் 1820களில்தான் தொடங்கியது. ஆகவே அந்தச் சாம்பல் அட்டை, சில வாரங்கள் தாங்கினால் போதும் என்ற எண்ணத்தில் போட்டது. பெரும்பாலோர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அதனாலேயே எறியப்படாமல் தப்பிய பிரதி இன்று மதிப்புப் பெறுகிறது: அச்சகத்திலிருந்து வந்த தாளின் முழு அளவும், வெட்டுப்படாத ஓரங்களும், நூல் கடையில் இருந்த கோலமும் அந்தப் பிரதியில் மட்டுமே தெரியும்.

இதெல்லாம் எனக்கு அன்று புத்தக அறிவாகத் தெரிந்தே இருந்தது. அதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. தெரியாமல் செய்திருந்தால் தெரியவில்லை என்று ஆறியிருப்பேன்.

என் பிரதியை ஒரு சிற்றூர்ப் பழைய கடையில், அடுக்கின் கீழ்த்தட்டில், நில வரைபடங்களுக்கு அடியில் கண்டெடுத்தேன். முதுகின் தாள் பாதி உதிர்ந்திருந்தது. முன்னட்டை இரண்டு நூலிழைகளில் தொங்கியது. பின்பகுதியில் சில பாரங்களின் மடிப்புகள் பிரிக்கப்படாமலே இருந்தன. அதாவது அந்தப் பக்கங்களை இருநூறு ஆண்டுகளாக ஒருவரும் படித்திருக்கவில்லை. இந்த இடத்தில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஓரம் வெட்டப்படாத நூல் என்றால் பைண்டரின் கத்தி அதைத் தொடவில்லை என்று பொருள். மடிப்பு பிரிக்கப்படாத நூல் என்றால் வாசகரின் கத்தி தொடவில்லை என்று பொருள். ஒரு நூல் முதலாவதாக இருந்து இரண்டாவதாக இல்லாமல் இருக்கலாம். பட்டியலில் இவ்விரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தப் பிரதியின் முன்பாதியில் பென்சிலால் எழுதிய எண்கள் இருந்தன. மிகச் சிறிய, சாய்ந்த எண்கள், ஓரத்தின் விளிம்பை ஒட்டி. முதலில் யாரோ ஒரு பள்ளி மாணவனின் கிறுக்கல் என்று நினைத்தேன். ஒரு மாலை முழுவதும் லத்தீன் பதிப்போடு ஒப்பிட்ட பிறகுதான் விளங்கியது. ஆங்கில ஈரடிச் செய்யுளாகும்போது ஜூவெனலின் அடிகள் பெருகிவிடுவதால், மொழிபெயர்ப்பின் அடி எண்ணும் மூலத்தின் அடி எண்ணும் ஒத்துப்போவதில்லை. முகம் தெரியாத அந்த வாசகர், மூலத்தின் அடி எண்களை இங்கே குறித்துக்கொண்டே, இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார். பத்தாவது கவிதையில் எண்கள் நெருக்கமாக வந்தன. மக்களுக்கு வேண்டியதெல்லாம் ரொட்டியும் பந்தயமும் என்று ஜூவெனல் சொல்லும் 81ஆவது அடிக்கு எண் இருந்தது. நலமான உடலில் நலமான உள்ளம் வேண்டும் என்று பிரார்த்திக்கச் சொல்லும் 356ஆவது அடிக்கு எண்ணும், அதன் கீழ் ஒரு கோடும் இருந்தன.

இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் நான் அதைப் பைண்டரிடம் கொண்டுபோனேன். இருநூறு ஆண்டுத் தாள் இனித் தாங்காது என்று எனக்குள் ஒரு பயம் வேறு. உண்மையில் 1802இன் தாள் பழந்துணிகளைக் கூழாக்கிச் செய்தது. மரக்கூழ்த் தாள் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1900இல் அச்சான மலிவுப் பதிப்பு கையில் பொடியாகும்போது, கிஃபோர்டின் தாள் இன்றும் விரலால் சுண்டினால் சலசலக்கும். அதற்கு என் உதவி தேவைப்படவில்லை. ஆனால் ஜூவெனலுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. முழுக் கன்றுத்தோல், முதுகில் ஐந்து மேடுகள், சிவப்புத் தோல் சீட்டில் பொன்னெழுத்து, மூன்று பக்க ஓரங்களிலும் பொன்முலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஓரத்தில் பொன்முலாம் ஏற வேண்டுமானால் ஓரம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும்; மட்டமாக வேண்டுமானால் கத்தி இறங்க வேண்டும். பைண்டர் அதைக் கேட்கவும் செய்தார். "ஓரத்தைச் சமப்படுத்தலாமா?" என்றார். நான் தலையசைத்தேன். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னதைச் செய்தார், அழகாகவும் செய்தார்.

ஆறு வாரம் கழித்து நூல் வந்தது. கட்டுக்கூலி நூலின் விலையைவிட அதிகம். மேசையில் வைத்துப் பெருமையோடு பத்தாவது கவிதையைத் திறந்தேன். வலப்பக்கங்களில் எண்களின் கடைசி இலக்கம் போயிருந்தது. இடப்பக்கங்களில் முதல் இலக்கம் போயிருந்தது. 356க்கு இரண்டு இலக்கங்களே மிச்சம். கீழே இழுத்த கோடு மட்டும் எண்ணில்லாத இடம்வரை நீண்டு, பொன்னைத் தொட்டு நின்றது. மடிப்பு பிரிக்கப்படாத பாரங்கள் எல்லாம் பிரிந்திருந்தன. பழைய அட்டை, அதன் உட்பக்கத் தாள், அதிலிருந்த மங்கிய கையெழுத்து, முதுகின் தாள் சீட்டு எவையும் திரும்பி வரவில்லை. கேட்டேன். கேட்டிருந்தால் வைத்திருப்பேனே என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்கள். நான் வெட்டியது முன்பே பிள்ளையாராக இருந்தது.

பின்னொரு நாள், இத்தொழிலில் முதிர்ந்த ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் தோலைத் தடவவில்லை, பொன்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து அளவுகோலை எடுத்து இலையின் உயரத்தை அளந்தார். பிறகு, "கட்டுவதற்கு முன் எத்தனை இருந்தது?" என்று கேட்டார். நான் அளந்திருக்கவில்லை. எதைத் தொலைத்தேன் என்ற கணக்குகூட என்னிடம் இல்லை.

ஆகவே தம்பிக்குச் சொன்னது இதுதான். முன்னட்டை தொங்கினால் தொங்கட்டும். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். முதுகு உதிர்கிறது என்றால், ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமைப் பசையும் கொண்டு, பின்னால் நீரில் கரைத்து எடுக்கக்கூடிய முறையில், உதிரும் இடத்தை மட்டும் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். தோலும் பொன்னும் வேண்டும் என்று மனம் கேட்டால், அதை ஒரு பெட்டிக்குச் செய்யுங்கள். சாலண்டர் பெட்டி என்று ஒன்று உண்டு. கேப்டன் குக்கின் கப்பலில் சென்று வந்தவரும் பிரிட்டிஷ் மியூசியத்தில் பணிபுரிந்தவருமான டேனியல் சோலாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் பெயரால் வழங்குவது. நூல் உள்ளே அப்படியே கிடக்கும், வெளியே நீங்கள் விரும்பிய அலங்காரம் அலமாரியில் நிற்கும். எதைச் செய்வதற்கு முன்னும் இலையின் உயரத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். கழற்றும் ஒவ்வொரு துண்டையும், அது வெறும் பழுப்புத் தாளாக இருந்தாலும், உறையில் இட்டுத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

முன்பே தோலில் கட்டிய பிரதி கிடைத்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை. 1802இன் உரிமையாளர் அப்போதே கட்டியது அந்த நூலின் வரலாறு. நான் கட்டியது என் வரலாறு. அதை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள்.

பென்சில் குறிப்பை ரப்பரால் அழிப்பது

மேலே சொன்னதைப் படித்த பிறகும் செய்வீர்களா?

முன்னுரையைத் தாண்டிப் போவது

இந்த நூலை வாங்குபவர்களில் பாதிப் பேர் நேரே மூன்றாவது கவிதைக்கோ ஆறாவது கவிதைக்கோ போய்விடுகிறார்கள். என் கணிப்பில் நூலின் மிகச் சிறந்த உரைநடை முன்பகுதியில்தான் இருக்கிறது. கிஃபோர்டு 1756இல் டெவன் மாவட்டத்தின் ஆஷ்பர்ட்டனில் பிறந்தார். தந்தையும் தாயும் அடுத்தடுத்து இறக்க, சிறுவயதிலேயே அநாதையானார். ஒரு சிறு கப்பலில் எடுபிடிப் பையனாகச் சில காலம் உழைத்தார். பிரிக்ஸம் துறைமுகத்திலிருந்து மீன் விற்க ஆஷ்பர்ட்டனுக்கு வந்த பெண்கள், அந்தப் பையன் கந்தலோடு கடற்கரையில் ஓடித் திரிவதை ஊரில் சொல்லிச் சொல்லி வருந்தியதால்தான் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழக விட்டார்கள். அப்போது கிஃபோர்டிடம் இருந்த ஒரே நூல் ஓர் இயற்கணித நூல். எழுதத் தாளும் மையும் வாங்க வழியில்லை. தோல் துண்டுகளைத் தட்டித் தட்டி வழவழப்பாக்கி, முனை மழுங்கிய குத்தூசியால் அவற்றின் மீது கணக்குப் போட்டார்.

அவ்வூர் அறுவை மருத்துவர் குக்ஸ்லி என்பவர் இந்தப் பையனின் செய்யுள்களைக் கேள்விப்பட்டு, ஊராரிடம் சிறு சிறு தொகைகளாகத் திரட்டி, தொழில் பழகும் ஒப்பந்தத்தில் எஞ்சிய காலத்தை முதலாளியிடமிருந்து விலைக்கு வாங்கி அவரை விடுவித்தார். பள்ளிக்கும் பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிட்டர் கல்லூரிக்கும் வழி செய்தார். ஜூவெனலை மொழிபெயர்த்து முன்பணம் திரட்டி வெளியிடலாம் என்ற திட்டத்திலும் உடன் நின்றார். 1781 ஜனவரியில் அந்த அறிவிப்பு வெளியானது. அதே மாதத்தில் குக்ஸ்லி இறந்துபோனார். கிஃபோர்டால் தொடர முடியவில்லை. அதன்பின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தை, வழக்கப்படி குரோவ்னர் பிரபுவின் முகவரியிட்ட உறைக்குள் வைத்தபோது, நண்பரின் பெயரை எழுத மறந்தார். தமக்கு வந்த கடிதம் என்று பிரபு அதைப் பிரித்துப் படித்தார். எழுதியவரைப் பார்க்க விரும்பினார். அவர் நிழலில் கிஃபோர்டின் வாழ்க்கை மாறியது. அறிவிப்புக்கும் நூலுக்கும் இடையில் 21 ஆண்டுகள்.

இதை ஏன் ஒரு தவறாகக் குறிப்பிடுகிறேன் என்றால், முன்பகுதியைப் படிக்காதவர் அதன் இலைகளையும் எண்ணமாட்டார். வாழ்க்கைக் குறிப்பில் ஓர் இலை இல்லாத பிரதியை 'நல்ல பிரதி' என்று எழுதிய பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் அதைப் படித்திருந்தால், கதை நடுவே அறுபடுவதை எண்ணாமலே கண்டுபிடித்திருப்பார். இன்னொன்று: 'கிரிட்டிக்கல் ரிவ்யூ' என்ற இதழ் இம்மொழிபெயர்ப்பைக் கடுமையாகச் சாடியபோது, கிஃபோர்டு 1803இல் அதற்கெனத் தனிச் சிறு நூலே வெளியிட்டு மறுமொழி சொன்னார். உங்கள் பிரதியின் இறுதியில் அதைச் சேர்த்துக் கட்டியிருந்தால், அந்நியமான இணைப்பு என்று பிரித்தெடுத்துவிடாதீர்கள்.

இரண்டு கிஃபோர்டுகளைக் குழப்புவது

வில்லியம் கிஃபோர்டு 1797-98இல் 'ஆன்டி-ஜாக்கபின்' என்ற வார இதழின் ஆசிரியராக இருந்தார். அது நின்ற பிறகு, 'ஆன்டி-ஜாக்கபின் ரிவ்யூ' என்ற பெயரில் வேறோர் இதழைத் தொடங்கி நடத்தியவர் ஜான் கிஃபோர்டு. அதுவும் அவர் சூடிக்கொண்ட பெயர், இயற்பெயர் ஜான் ரிச்சர்ட்ஸ் கிரீன். உறவு இல்லை. இதழின் பெயரும் ஆளின் பெயரும் ஒருங்கே ஒத்துப்போனதால், ஜானின் நூல்கள் வில்லியமின் பெயருக்குக் கீழேயும், வில்லியமின் ஜூவெனல் ஜானின் பெயருக்குக் கீழேயும் பட்டியல்களில் இன்றும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன.

கீட்ஸின் மரணத்தை விற்பனை வாசகமாக்குவது

கவிஞர் கீட்ஸைத் தம் விமர்சனத்தால் கொன்றவர் கிஃபோர்டு என்று பட்டியலில் எழுதி விற்பவர்கள் உண்டு. 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் கீட்ஸைத் தாக்கிய அந்தக் கட்டுரையை எழுதியவர் ஜான் வில்சன் குரோக்கர், கிஃபோர்டு இதழாசிரியர் மட்டுமே.

அட்டையில் டிரைடன் என்றிருப்பதை அப்படியே நம்புவது

கிஃபோர்டோடு ஒப்பிடுவதற்காக டிரைடனையும் வாங்குபவர்கள், 16 கவிதைகளையும் அவரே மொழிபெயர்த்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜூவெனலில் அவர் செய்தவை 1, 3, 6, 10, 16 ஆகிய ஐந்து. பெர்சியஸ் முழுவதும் அவருடையது. மற்றவற்றை நேஹம் டேட், வில்லியம் காங்கிரீவ், தாமஸ் கிரீச் உள்ளிட்ட பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். ஏழாவதும் பதினான்காவதும் டிரைடனின் மகன்கள் இருவருடையவை. எனவே பதினோராவது கவிதையில் ஒரு வரியைக் காட்டி டிரைடனைவிடக் கிஃபோர்டு மேல் என்றோ கீழ் என்றோ சொல்பவர், காங்கிரீவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். டிரைடனே தம் நீண்ட முன்னுரையில், சொல்லுக்குச் சொல் மூலத்தை ஒட்டிச் செல்வதுதான் நோக்கமென்றால் ஹோலிடே அதை முன்பே செய்துவிட்டார் என்று கூறி, ஹோலிடேயின் குறிப்புகள் ஜூவெனலை விளக்குவதோடு ஹோலிடேயின் செய்யுளையும் விளக்கத் தேவைப்படுகின்றன என்ற பொருளில் ஒரு குத்தும் வைக்கிறார். புலமையும் செய்யுள்நயமும் ஒருவரிடம் சேர்ந்து கிடைக்கும் என்று எதிர்பார்த்து இப்பதிப்புகளை வாங்குபவர், முதலில் அந்த முன்னுரையைப் படித்துவிட வேண்டும்.

ஹோலிடேயில் சிற்பம் தேடுவது

1673 பதிப்பின் தலைப்புப் பக்கம் 'ஸ்கல்ப்சர்' உண்டு என்கிறது. அக்காலத்தில் அச்சொல் செப்புத்தகட்டுச் சித்திரத்தையும் குறித்தது.

ஜான்சனை மொழிபெயர்ப்பாளர் வரிசையில் நிறுத்துவது

சாமுவேல் ஜான்சனின் 1738, 1749 கவிதைகள் ஜூவெனலின் மூன்றையும் பத்தையும் தழுவியவை. அலமாரியில் பக்கத்தில் வைக்கலாம். பட்டியலில் வேறு இடம்.

ஆண்டைத் திருத்துவது

டிரைடன் பதிப்பு உண்மையில் 1692 அக்டோபரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆண்டின் கடைசியில் வரும் நூலுக்கு அடுத்த ஆண்டை இடுவது வெளியீட்டாளர்களின் பழைய தந்திரம். இதை அறிந்த உற்சாகத்தில் 1692 என்று எழுதிவிட்டால், அந்த ஆண்டு அச்சிட்ட வேறொரு பதிப்பைத் தேடிப் பிறர் அலைவார்கள். தலைப்புப் பக்கத்தில் 1693 என்று இருந்தால் 1693 என்றே எழுதுங்கள். மற்றதைக் குறிப்பில் சேருங்கள்.

தம்பி அன்று மாலையே அளந்து எழுதி அனுப்பிவிட்டார். உயரத்தை மட்டும் அனுப்பியிருந்தார். அகலத்தையும் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.